பாக்கியம் அக்கா திருத்திய எண்

பாக்கியலட்சுமி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் சேத்தூர்ச் சாலையில், துணி வெளுக்கும் ஆலை ஒன்றின் பாய்லர் அருகே நின்றுகொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். பாய்லர் ஓட்டும் சுப்பையா அண்ணன் கைபேசியைக் காதிலிருந்து எடுத்தார். "சார், நம்ம பாக்கியம் அம்மா போயிட்டாகளாம். காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கையில நெஞ்சு வலிச்சிருக்கு. ஆசுபத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..." என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எங்கள் அலுவலகத்துக்குத் தெரிவதற்கு முன்பே பாய்லர்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. அன்று மாலை இராஜபாளையத்தில் அவர் வீட்டின் முன் ஆலை முதலாளிகளும் விறகு லாரி ஓட்டுநர்களும் ஒரே வரிசையில் மாலையோடு நின்றதை உங்களில் பலர் பார்த்தீர்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு நாடும் தான் எவ்வளவு புகை விடுகிறது என்று உலகத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்; நம் நாட்டின் கணக்கைத் தொகுப்பது டெல்லி அலுவலகம். நம்மைப் போன்ற நாடுகளில் அதை அளக்க ஆளும் இல்லை, கருவியும் இல்லை. அதற்கு உதவ வெளிநாட்டில் ஒரு நிதி இருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு நம் மாவட்டத்துக்கும் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் எங்கள் சிறிய தொண்டு நிறுவனம் அந்த வேலையை எடுத்தது. அறிக்கை எழுதுவது என் வேலை. ஆலை ஆலையாகப் போய் அளப்பது அக்காவின் வேலை. அதற்கு முன் அவர் ஒரு நூற்பாலையின் பரிசோதனைக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் பஞ்சைச் சோதித்தவர்.

முதன்முதலில் போன வெளுப்பாலையில் முதலாளி எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "எங்க பொகைய எண்ணி எங்களுக்கே வேட்டு வைக்கவா வந்தீக? மலைக்காட்டு மரத்தை எரிக்கோம்னு ஏற்கெனவே பேசுதாக." நான் திட்டக் கடிதத்தை எடுக்கப் பையைத் திறந்தேன். அக்கா என் கையைத் தடுத்தார். "மலை மரமா, கம்மாக்கரை வேலிக்கருவையான்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். டெல்லியில இருக்கவுகளுக்கு எப்படித் தெரியும்? அளக்காம எழுதுறவன் பெரிய நம்பராத்தான் எழுதுவான், அண்ணாச்சி. அளந்த நம்பர் கையில இருந்தா நாளைக்கு நீங்க வாதாடலாம்" என்றார். முதலாளி கதவைத் திறக்கச் சொன்னார். மற்ற ஆலைகளின் கதவுகளும் அதன்பின் ஒவ்வொன்றாகத் திறந்தன.

முதல் வருட அறிக்கை டெல்லிக்குப் போனது. பாராட்டும் வந்தது. அடுத்த ஐப்பசி மழையில்தான் சிக்கல் தெரிந்தது. சுப்பையா அண்ணன் ஒரு கட்டையைத் தூக்கிப் போட்டபடி, "இது நனைஞ்ச கட்டைம்மா. எம்புட்டுப் போட்டாலும் சூடு ஏற மாட்டேங்கு" என்று சலித்துக்கொண்டாராம். அக்கா அந்தக் கட்டையில் நாலு துண்டு வெட்டி பாலிதீன் பையில் கட்டிக்கொண்டு, பஸ் ஏறித் தன் பழைய நூற்பாலைக்குப் போனார். பஞ்சின் ஈரம் பார்க்கும் ஓவனில் அவற்றை உலர்த்தி மறுபடி எடை போட்டார். மறுநாள் என் மேசையில், உலர்த்துவதற்கு முன்பும் பின்பும் இருந்த எடை என்று இரண்டு எண்களை எழுதி வைத்தார். "சார், ஒரு வருசமா நாம விறகோட தண்ணியையும் சேத்து எடை போட்டிருக்கோம். பஞ்சுல ஈரம் பாக்காம ஒரு நாளும் எடை எழுதுனதில்ல நான். விறகுல கோட்டை விட்டுட்டேன்."

எங்கள் ஆலைகள் எரிப்பதைவிட அதிகமாக எரிப்பதாக நாங்களே உலகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தோம். அடுத்த மாதம் நிதிக்காரர்கள் நேரில் வருவதாக இருந்தார்கள். திட்டத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். எங்களில் ஏழு பேருக்கு அதில்தான் வேலை. நான் பயந்தேன். அதை இப்போது மறைக்க விரும்பவில்லை. "அக்கா, அவுக வந்துட்டுப் போகட்டும். பொறவு சத்தமில்லாம திருத்திக்கிடலாம்" என்றேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவுக பாத்துட்டுப் போன பொறவு திருத்துனா அதுக்குப் பேரு திருத்தம் இல்ல சார். நான் அந்த ஆலை வாசல்ல அண்ணாச்சிகிட்ட என்ன சொல்லி உள்ள போனேன்? நீங்களும் பக்கத்துலதான நின்னீக?"

எண் தவறு என்று அன்றே டெல்லிக்கு எழுதினோம். பதில் வரவில்லை. அந்த ஒரு மாதமும் இராஜபாளையத்துக்கும் சேத்தூருக்கும் இடையே இருந்த அத்தனை வெளுப்பாலைகளுக்கும் மறுபடி போனோம். நனைந்த விறகு, பாதி காய்ந்தது, நன்றாகக் காய்ந்தது என்று தனித்தனியாகத் துண்டு எடுத்தோம். தராசை மடியில் வைத்துக்கொண்டு அக்கா டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர், "தராசுக்கும் டிக்கெட்டு போடவாக்கா?" என்று கேலி செய்வார். "போடுப்பா, அதுதான் என்னையவிட அதிகமா வேலை பாக்குது" என்பார். கடைசி வாரத்தில் பாய்லர்காரர்களே துண்டு வெட்டி, எந்த லாரி விறகு என்று எழுதிக் கட்டி, எங்களுக்காக எடுத்து வைத்திருந்தார்கள்.

நிதிக்காரர்கள் வந்தார்கள். கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. அக்கா எழுந்து, வணக்கம் சொல்லிவிட்டு, முதல் வாக்கியமாக, "நாங்க அனுப்புன நம்பர் தப்பு. தப்புப் பண்ணுனது நான்" என்றார். அதை நான்தான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். என் குரல் நடுங்கியது. டெல்லி அதிகாரி பேனாவை மூடி வைத்தார். அக்கா நிறுத்தவில்லை. விறகுத் துண்டுகளை மேசையில் பரப்பி, எது எந்த ஆலை, எது எந்த மழையில் நனைந்தது, உலர்த்தியபின் எவ்வளவு குறைந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பின்வரிசையில் இருந்து அந்த முதல் ஆலையின் முதலாளி எழுந்தார். "அம்புட்டும் நெசம். எங்க விறகை எங்க கண்ணு முன்னாலதான் எடை போட்டாக. குறைச்சு எழுதுங்கன்னு நாங்க யாரும் கேக்கல."

வந்தவர்களில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஓர் அம்மா இருந்தார். பல நாடுகளின் அறிக்கைகளைச் சரிபார்ப்பவர். அவர் ஒரு விறகுத் துண்டை எடுத்துக் கையில் எடை பார்த்தார். தங்கள் நாட்டிலும் விறகைத்தான் எரிக்கிறார்கள், அங்கும் ஈரத்தோடு எடை போட்டிருப்பார்கள், யாரும் வந்து சொன்னதில்லை என்றார். பிறகு, "அந்த ஓவனை நான் பார்க்க முடியுமா?" என்று கேட்டார். நான் தமிழில் சொன்னதும் அக்கா தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "இப்பவே வாங்க, மூணு மணி ஷிப்டு மாறுறதுக்குள்ள போயிரலாம்!" கூட்டம் முழுவதும் மூன்று வண்டிகளில் இராஜபாளையம் போனது. டெல்லி அதிகாரி ஓவனின் முன் குனிந்து நின்று, மூடிய பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

திட்டம் நிற்கவில்லை. இரண்டாம் கட்ட நிதி வந்தது. எங்கள் மாவட்டத்தோடு பக்கத்து மாவட்டங்களுக்கும் சேர்த்து வந்தது. விறகு எரிக்கும் தொழில்களை அளக்கும் வழிமுறையில், மழைக்காலத்தில் ஈரம் பார்க்க வேண்டும் என்ற விதி சேர்ந்தது. நாட்டின் அறிக்கையில் எங்கள் ஆலைகளின் எண் திருத்தப்பட்டு வெளியானது. அதன் கீழே எப்படித் திருத்தினோம் என்ற விளக்கமும் இருந்தது. ஆலைகள் எரிக்கும் அளவுக்குக் கம்மாக்கரை வேலிக்கருவையே போதும் என்று அந்த எண்ணே காட்டியதால், மலை மரம் என்ற பேச்சு அதோடு அடங்கியது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோய்ச் சுப்பையா அண்ணனிடம் காட்டியபோது அக்கா, "உங்க நனைஞ்ச கட்டை உலகம் பூரா போயிருச்சுண்ணே" என்று சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அக்காவைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல உங்கள் ஒவ்வொருவரிடமும் ஏதாவது இருக்கும். நான் வைத்துக்கொள்வது இதை: அவர் போன பதின்மூன்றாம் நாள், இரண்டாம் கட்டத்தில் ஆலங்குளம் பக்கத்துச் சுண்ணாம்புச் சூளைகளுக்கு நான் போட்டு அனுப்பிய கணக்கில் ஒரு பிழை கண்ணில் பட்டது. யாரும் கேட்கவில்லை, யாரும் பார்க்கவும் போவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு யோசிக்க உட்காரவில்லை நான். போனை எடுத்து, டெல்லி எண்ணை அழுத்தி, மறுமுனையில் குரல் வந்ததும், "நாங்கள் அனுப்பிய எண் தவறு, தவறு என்னுடையது" என்றேன். குரல் நடுங்கவில்லை.