துட்டி சொல்லப் போகாதவன்

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தியைத் துட்டி என்போம். ஒருவர் கண்ணை மூடிவிட்டால், வெளியூர்ச் சொந்தக்காரர்களிடம் ஓர் ஆள் நேரில் போய்ச் சொல்லவேண்டும். தந்தி அடித்தால் மதிக்கவில்லை என்று கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொண்டு வராமல் இருந்தாலும் பரவாயில்லை, சாவு வீட்டுக்கே வந்து கோபித்துக்கொள்வார்கள். போன் என்பது அந்தக் காலத்தில் எங்கள் சங்கரன்கோவிலில் கமிஷன் கடைக்காரர்கள் வீட்டில் இருந்தது. குருவிகுளம் பக்கத்து ஊர்களில் எடுத்துப் பேச எதிர்முனையில் யாரும் இல்லை. ஆகவே ஆள்தான் போகவேண்டும். எங்கள் தெருவில் அந்த ஆள் நான்.

யாரும் என்னை நியமிக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு விசைத்தறிக்கு வந்தவன் நான். கூச்சம் அதிகம். ஒருவர் ஒன்றைக் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல வராது. மாட்டேன் என்றால் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொன்னால் எதிர்க்கேள்வி வரும். அதற்கும் பேசவேண்டும். பேசுவதைவிட பஸ் ஏறுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

நான் வேலை பார்த்த தறி ஷெட்டின் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். தெருவில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர்தான் முன்னால் நிற்பார். முன்னால் நிற்பது அவர், ஓடுவது நாங்கள். என் தகுதியை முதலில் கண்டுபிடித்தவரும் அவரே.

"அவன் வாயத் தொறக்கவே வேண்டாம்வே. தெரு முக்குல போய் நின்னான்னா போதும், மொகமே துட்டி சொல்லிரும்" என்றார்.

துட்டி சொல்லப் போகிறவனுக்குச் சில முறைகள் உண்டு. வீட்டுக்குள் போகக்கூடாது. உட்காரக்கூடாது. தண்ணீர் குடிக்கக்கூடாது. யாரும் வா என்று கூப்பிடமாட்டார்கள். திரும்பும்போது போய்ட்டு வாரேன் என்று சொல்லக்கூடாது. கூச்சக்காரனுக்கு இதைவிட வசதியான வேலை உலகத்தில் இல்லை. வாசலுக்கு வெளியே நின்று, இன்னாருக்கு இப்படி ஆகிவிட்டது, இத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடலாம்.

இதில் எனக்குக் கிடைத்தது நல்ல பேர். "தங்கமான பய" என்று அண்ணாச்சி நாலு பேர் முன்னால் என் தோளைத் தட்டுவார். தங்கம் ஊர் ஊராகப் போயிருந்த நாளில் அதன் தறி சும்மா நின்றிருக்கும். நெய்யாத துணிக்குக் கூலி கிடையாது என்பது அதே அண்ணாச்சி வகுத்த விதி. அதை நானும் நியாயம் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் அய்யா இறந்தபோதும் என்னைத்தான் அனுப்பினார்கள். "கொள்ளி வைக்க மூத்தவன் இருக்கான். நீ பழக்கப்பட்டவன், ஒடனே போய்ட்டு ஓடியாந்துரு" என்றார் அண்ணாச்சி. போனேன். ஒவ்வொரு ஊரிலும், "யாருப்பா?" என்று கேட்டார்கள். "எங்க அய்யா" என்று வாசலுக்கு வெளியே நின்று சொன்னேன். முறைப்படி யாரும் உட்காரச் சொல்லவில்லை. திரும்பும் வழியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. நான் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நெருப்பு வைத்தாகிவிட்டது. அன்றைக்கும் அண்ணாச்சி என் தோளைத் தட்டினார். "ஒரு ஊரு விடலையேலே, எல்லாரும் வந்துட்டாக" என்றார்.

அதற்குப் பிறகு அம்மாவும் அக்காவும் எனக்குப் பெண் தேட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் என் நல்ல பேரின் இன்னொரு பக்கம் தெரிந்தது. சுற்று வட்டாரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் என் முகம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் மரியாதையாகக் காப்பி கொடுத்தார்கள். நாங்கள் தெருமுனை திரும்பியதும் வாசலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். இன்னொரு வீட்டுக்காரர் தரகரிடம், "பயல் நல்ல பயதான். ஆனா தெனமும் காலையில அந்த மொகத்துல முழிக்கணும்லா?" என்று கேட்டாராம்.

குருவிகுளத்தில் நடந்ததைச் சொன்னால் முழுதும் விளங்கும். அண்ணாச்சி தன் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு வர என்னை அனுப்பியிருந்தார். அங்கே அவருடைய தங்கை இருந்தாள். சொத்துத் தகராறில் அண்ணனோடு பல வருஷமாகப் பேச்சு இல்லை. நான் தெருவில் திரும்பியதும் அந்த அம்மாள் பார்த்துவிட்டாள். கையில் இருந்த முறத்தை எறிந்துவிட்டு, "ஏ எங்கண்ணே, போயிட்டியே, ராசா மாதிரி இருந்தியே, ஒரு வார்த்த பேசாமப் போயிட்டியே" என்று தரையில் விழுந்து புரண்டாள். நான் பத்திரிகையை நீட்டிக்கொண்டே நின்றேன். கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஒருவர் பத்திரிகையை வாங்கிப் படித்து விஷயத்தைச் சொன்னார்.

அந்த அம்மாள் எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "அப்ப அந்தப் பாவி உசுரோடதான் இருக்கானா?" என்றாள். கல்யாணத்துக்கு வரவில்லை.

இந்த நிலைமையில்தான் எங்கள் தெருப் பாட்டையா ஒருவர் இறந்து, வாசுதேவநல்லூருக்குத் துட்டி சொல்லப் போனேன். அந்த வீட்டு வாசலில் ஒரு பெண் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. ஆனால் அழவில்லை.

"யாரு?" என்றாள்.

சொன்னேன்.

"எப்பம் எடுக்காக?"

"சாயங்காலம்."

வீட்டுக்குள் போய்ச் சொன்னாள். உள்ளே அழுகை கேட்டது. அவள் மட்டும் ஒரு செம்பில் தண்ணீரோடு வெளியே வந்தாள்.

"துட்டி சொல்ல வந்த எடத்துல குடிக்கப்பிடாது" என்றேன்.

"குடிச்சா செத்தவரு எந்திரிச்சு வந்துருவாராக்கும்? தாகம் ஒங்களுக்குத்தான?"

நல்ல வெயில். குடித்துவிட்டேன்.

"இப்படி அலையுததுக்கு என்ன குடுப்பாக?"

"பஸ் சார்ஜ்."

"வேற?"

"நல்ல பேரு."

"அத வச்சு என்ன செய்யுதீக?"

புளியங்குடி தாண்டும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். நான் ஒன்றும் செய்யவில்லை. என் நல்ல பேரை நான் ஒருநாளும் உபயோகித்ததில்லை. மற்றவர்கள்தான் உபயோகித்தார்கள். கேட்கிறவர்களுக்கெல்லாம் இரவல் கொடுத்துவிட்டு, எனக்குத் தேவைப்படும்போது அது என்னிடம் இருப்பதில்லை.

அதன்பிறகு எனக்கு ஒரு புதிய வியாதி வந்தது. தெருவில் வயதானவர் யாராவது இருமினால், அவருக்கு வாசுதேவநல்லூரில் சொந்தம் உண்டா என்று மனம் தேடியது. ஒரு பெரியவர் படுத்த படுக்கையாகி, பிறகு தேறி எழுந்து, டீக்கடைக்கு நடந்து வந்தார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் சந்தோஷப்படுவதுபோல நின்றேன்.

கடைசியில் அந்தப் பெண்ணின் வீட்டுக்கே சொந்தமான ஓர் ஆச்சி எங்கள் தெருவில் போய்ச் சேர்ந்தாள். இந்தத் தடவை நான் துட்டி சொன்ன பிறகும் நகராமல் நின்றேன். அந்தப் பெண் புரிந்துகொண்டாள்.

"ஆளனுப்பிப் பொண்ணு கேளுங்க. எனக்குச் சம்மதந்தான்" என்று குனிந்துகொண்டு சொன்னாள். "ஆனா இந்தத் துட்டி சொல்லுத வேல இதோட சரி. கூப்புட்ட கொரலுக்கெல்லாம் ஓடுதவுகளக் கெட்டிக்கிட்டு, நான் ஊருல எவன் சாவான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியாது."

அவளுடைய அப்பா இன்னும் சுருக்கமாகச் சொல்லியனுப்பினார். "பூ வைக்க வரலாம். அதுக்கு மின்னாடி எங்கயாவது துட்டி சொன்னாருன்னு காதுல விழுந்துச்சுன்னா பொண்ணு கெடையாது."

நாள் குறித்தார்கள். அந்த நாளும் வந்தது. நான் புதுச் சட்டை போட்டு நிற்கிறேன். அம்மா தாம்பாளத்தில் பூ, பழம், வெற்றிலை எடுத்து வைக்கிறாள். அண்ணாச்சி நாலைந்து பேரோடு வந்து நிற்கிறார். விடியற்காலம் அவருடைய சின்னம்மா தவறிவிட்டாளாம். எங்களுக்கு அவர்கள் உறவு இல்லை, அதனால் தீட்டு இல்லை. ஆனால் அண்ணாச்சி எனக்கு வேறு ஏற்பாடு வைத்திருந்தார்.

"சட்டைய மாட்டிட்டியா, நல்லதாப் போச்சு. எட்டு மணி வண்டியப் பிடி. வாசுதேவநல்லூரு ஒரே எடந்தான்."

"நான் போகல அண்ணாச்சி."

"என்னலே சொல்லுத?"

"பொண்ணுக்குப் பூ வைக்கப் போறோம்."

"வைய்யி. யாருலே வேண்டாங்கது? அதுவும் வாசுதேவநல்லூருதான? போனோடனே துட்டியச் சொல்லு, அப்படியே பூவ வச்சிட்டு வா. ஒரே பஸ் சார்ஜுல ரெண்டு காரியம்."

கூட வந்தவர்கள் இது நல்ல யோசனை என்று தலையாட்டினார்கள்.

"துட்டி சொன்னா பொண்ணு இல்லன்னு சொல்லிட்டாக."

"நாலு பேருக்கு ஒதவாம ஒரு கல்யாணமா வே?" என்றார் கூட்டத்தில் ஒருவர். அவருக்குக் கல்யாணமாகி ஆறு பிள்ளைகள்.

"நீ போகாம வேற யாருலே போவா?" என்றார் அண்ணாச்சி.

  எப்படியோ வாய் திறந்தது. "நீங்க போங்க அண்ணாச்சி. ஒங்க சின்னம்மதான?"

 அண்ணாச்சி என்னை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சுயநலம் புடிச்ச பயலே. நாளைக்கு ஓம் வீட்டுல ஒண்ணுன்னா எவன்லே துட்டி சொல்லப் போவான்?"

"எங்க அய்யாவுக்கு நாந்தான் போனேன்."

 அதற்கும் அண்ணாச்சியிடம் ஒரு பதில் இருந்தது. "நாளையிலருந்து தறிக்கு வராத."

"சரி அண்ணாச்சி" என்றேன். அந்த வார்த்தை மட்டும் பழக்கத்தில் சுலபமாக வந்துவிட்டது.

பொதுநலத்தில் பற்றுள்ள அத்தனை பேர் அங்கே நின்றார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவர் கடையைத் திறக்கவேண்டும். ஒருவருக்குப் பஸ்ஸில் வாந்தி வரும். ஆகவே எட்டு மணி வண்டியில் அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் தாம்பாளத்தோடு பின்னால் உட்கார்ந்திருக்க, முன் சீட்டில் அண்ணாச்சி தனியாக உட்கார்ந்திருந்தார். திரும்பியே பார்க்கவில்லை.

அவர் போகவேண்டிய வீடும், சின்னம்மா மகள் வாழ்க்கைப்பட்ட வீடு அது, பெண் வீட்டுத் தெருவில்தான் இருந்தது, மூன்று வீடு முன்னால். அண்ணாச்சியைப் பார்த்ததும் அவர்கள், பெரிய மனுஷர் வந்திருக்கிறார் என்று "வாங்க, வாங்க" என்றார்கள். வேறு வழி தெரியாமல் உள்ளே போனார். நாற்காலி போட்டார்கள். நாங்கள் அந்த வாசலைத் தாண்டும்போது மழை உண்டா, நிலக்கடலை எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கையில் காப்பி டம்ளர் இருந்தது. துட்டி சொல்வதில் அவருக்குப் பழக்கமில்லை. நல்லது பேசி ஆரம்பித்துவிட்டார், அங்கிருந்து சாவுக்கு எப்படித் திரும்புவது என்று தெரியவில்லை.

பெண் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் எதிர்வீட்டுக் கிழவி என்னைப் பார்த்துவிட்டாள். என் கையில் இருந்த தாம்பாளம் அவள் கண்ணில் படவில்லை, முகம்தான் பட்டது. "ஐயோ, யாருக்கு என்ன ஆச்சோ" என்று மாரில் அடித்துக்கொண்டாள். ஒவ்வொரு வாசலிலும் ஆள் வந்து நின்றது. பெண்ணின் அப்பா வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"துட்டி சொல்ல மாட்டேன்னுதான பேச்சு?" என்றார்.

அக்கா ஏதோ சொல்லப் பார்த்தாள். அழுகைச் சத்தத்தில் கேட்கவில்லை. நான் பேசாமல் நின்றால் எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்தது. அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"நான் துட்டி சொல்ல வரல! பூ வைக்க வந்திருக்கேன்! துட்டி சொல்ல வந்தவரு அந்தா அந்த வீட்டுல காப்பி குடிச்சிட்டு இருக்காரு!"

கத்தி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. மூன்று வீடு தள்ளி ஒரு டம்ளர் கீழே விழுந்த சத்தம் கேட்டது. "யாரு? எங்க அம்மைக்கா? மழையப் பத்திப் பேசிட்டிருந்தீரே, பாவி மனுசா!" என்று ஒரு பெண் அலறினாள். அண்ணாச்சி துண்டை உதறிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தார்.

பெண்ணின் அப்பா என்னையே பார்த்தார். "இப்ப நீரு சொன்னது துட்டிதான?"

 இருந்த பேச்சையெல்லாம் அன்றைக்குச் செலவழித்துவிட்டேன். வீட்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"யாரு செத்தாகன்னு அவுக சொன்னாகளாப்பா? யாரு காப்பி குடிக்காகன்னுதான சொன்னாக?"

"அதும் இதும் ஒண்ணுதான தாயி?" என்றார் அவர். "பக்கத்துல அழுக கேக்கு. இன்னொரு நாளு வச்சிக்கிடுவோம்."

"செத்தவுக நமக்கு என்ன வேணும்? ஒண்ணும் வேண்டாம்லா? இன்னொரு நாளு இன்னொருத்தர் சாவாக. எத்தன நாளத் தள்ளுவீக?"

அவர் தெருவில் இருந்தவர்களைப் பார்த்தார். இந்தத் தெருவில் எல்லோரும் இறந்து முடித்த பிறகுதான் மகளுக்குக் கல்யாணம் என்றால் சரிப்படாது என்று அவருக்கும் தோன்றியிருக்கவேண்டும். "ஏட்டி, பாய விரி" என்று மனைவியிடம் சொன்னார்.

அக்கா பூ வைத்தாள். மூன்று வீடு தள்ளி அழுகை ஓங்கிக் கேட்டது. நடுவில் அண்ணாச்சியின் சமாதானக் குரலும் கேட்டது. அம்மா குலவை போட்டாள். அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டும் என்பதால், வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாகவே போட்டாள்.