லிஃப்ட்காரரின் சூடான ரம்

வெல்டருக்குப் பதினோரு வருஷமாக ஒரே வயிற்றெரிச்சல்: அக்கா புருஷன் வீட்டில் அவனுக்கு ஒரு முழு கிளாஸ் சூடான ரம் கிடைத்ததே இல்லை. குளிர் தொடங்கினால் சனிக்கிழமை தவறாமல் போன் வரும். போட்டது போட்டபடி ஓடினால், கையில் ஒரு ஸ்பூனைத் திணித்து, "ருசி பாத்துச் சொல்லு மாப்ள" என்பார். சொன்னதும் பாத்திரத்தை மூடிவிடுவார். கேட்டால், "இது சோதனை ஓட்டம்டா. ஆள் ஏத்தக் கூடாது."

அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷம் மொட்டைமாடி மோட்டார் அறைகளில் விறைத்தவர். அந்தக் குளிருக்கு அவரே கண்டுபிடித்த மருந்து இது: பால் சேர்க்காத கட்டன் தேநீரில் தேன், எலுமிச்சைத் தோல், பட்டை, இரண்டே கிராம்பு, அடுப்பை அணைத்த பிறகுதான் ரம். கம்பெனி ஆட்கள் இதற்கு உயிரை விடுவார்கள். நாளை அவருக்கு ஓய்வு விருந்து. பத்துப் பேர் இதற்காகவே வீட்டுக்கு வருகிறார்கள்.

இன்றும் போன் வந்தது. வெல்டர் திட்டிக்கொண்டே போனான். மூன்றாம் மாடிப் படியிலேயே ரம் நெடி மூக்கைத் துளைத்தது. உள்ளே அவர் ரம்மை ஊற்றித் தளதளவென்று கொதிக்கவிட்டு, அதற்குள் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

"மாமா, அடுப்ப அணைங்க! சரக்கெல்லாம் ஆவியாப் போகுது. படிக்கட்டே போதையில கெடக்கு!"

"கத்தாதடா. இன்னும் வாசனையே வரல."

வெல்டரே அணைத்தான். பாத்திரத்தில் ஒரு கைப்பிடி கிராம்பு மிதந்தது. அவனுக்குச் சுருக்கென்றது.

"எப்பலேர்ந்து மாமா?"

"போன வருஷக் காய்ச்சல்லேர்ந்து. மூக்கும் செத்துப்போச்சு, நாக்கும் செத்துப்போச்சு. உங்க அக்காவுக்கே தெரியாது."

"அப்ப, அதுக்கு முந்தின பத்து வருஷம் எனக்கு ஸ்பூன் எதுக்கு?"

"அது கஞ்சத்தனம்."

வெல்டர் தலையில் அடித்துக்கொண்டான். "வர்றவங்ககிட்ட விஷயத்தச் சொல்லிட வேண்டியதுதானே?"

"மோட்டார் கருகுறத மூக்காலயே கண்டுபிடிச்சவன்டா நான். போற அன்னிக்கு என்னை 'ஐயோ பாவம்'னு பாக்கணுமா அவனுங்க?"

"சரி, நானே கலக்கித் தொலைக்கிறேன்."

"ஒண்ணும் வேணாம். கலக்குறது நான்தான். நாளைக்கு நீ ஸ்பூனோட பக்கத்துல நில்லு. சரியா இருந்தா வாயத் திறக்காத. கிராம்பு ஏறிப்போச்சுன்னா ஒரு தடவ இருமு. ரம் பத்தலைன்னா ரெண்டு தடவ. இப்ப வீட்டுக்குப் போ. போறப்ப காத மூடிக்கிட்டுப் போ. நெசமாவே இருமல் புடிச்சு வந்து நின்னுடாத."