பசு தின்ற மூக்குத்திப் பூ

இன்று காலை கோயிலிலிருந்து திரும்பும்போது, மாடிக் குடியிருப்பின் சுவரோரம் மழை ஈரத்தில் ஒரு மூக்குத்திப் பூ மஞ்சளாய் நின்றதைப் பார்த்ததும், இப்போது இல்லாமற்போன எங்கள் அண்ணனூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் நினைவுக்கு வந்துவிட்டது. அங்கே மழைக்காலம் முடிந்தால் ரயில் பாதை வரைக்கும் வெற்று நிலமெல்லாம் இந்தக் களைப்பூதான், மின்சார ரயில் போகும்போதெல்லாம் மொத்தமாகத் தலையாட்டும்.

மார்கழியில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டு வாசலில், கோலத்து நடுவே சாணி உருண்டை பிடித்துப் பூசணிப் பூ செருகுவார்கள். ஒரு வருஷம் மழையில் எங்கள் பூசணிக்கொடி அழுகிவிட்டது. அக்காவுக்கோ வரன் தட்டிக்கொண்டே போன நேரம். அவளே ஒரு தட்டு நிறைய மூக்குத்திப் பூவைப் பறித்து வந்து வாசலில் வைத்தாள்.

"ஏட்டி, களையக் கொண்டாந்து வச்சா சாமி ஏத்துக்கிடுமா? பொறவு வரன் எப்படி வரும்?" என்று திருநெல்வேலிக்காரியான என் அம்மா கண் கலங்கினாள்.

அதற்குள், வாசலிலேயே கறந்து கொடுக்கப் பால்கார முனியம்மா ஓட்டி வந்த பசு தட்டில் வாய் வைத்துவிட்டது. அம்மா "ஐயோ" என்று அலற, முனியம்மா சிரித்தாள்.

"இன்னாத்துக்கும்மா கத்துற? லச்சுமியே துன்னுகினு கீறா. சாமிக்கு ஆவாத பூவா இது?"

அம்மா தட்டில் மிஞ்சிக் கிடந்த ஒரு பூவை எடுத்துச் சாணி உருண்டையில் செருகிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.