பாலியேட்டிவ் என்றொரு மருந்து

சிநேகிதிகளே, எல்லோருக்கும் இந்த ஒரே கார்டுதான். படித்துவிட்டுக் கைமாற்றுங்கள்.

என் கணவருக்கு வயிற்றில் கட்டி என்பது உங்களுக்குத் தெரியும். டாக்டர் எழுதிய சீட்டோடு இன்று தூத்துக்குடி மருந்துக் கடைக்குப் போனேன். சீட்டில் இரண்டு வரிகள் இருந்தன.

மேல் வரியைக் காட்டி, "இந்தப் பாலியேட்டிவை முதல்ல கொடுங்க அண்ணாச்சி" என்றேன்.

கடைக்காரர் சீட்டை வாங்கிப் படித்தார்.

"டீச்சரம்மா, அது மருந்து பேரு இல்ல. இனிக் குணமாக்க வழியில்ல, வலியை மட்டும் தணிக்கணும்னு டாக்டர் எழுதுதாரு."

நான் அழவில்லை. "அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்று வகுப்பில் கேட்பதுபோலக் கேட்டேன்.

கடைக்காரர் கத்தோலிக்கச் சாமியாராகப் படிக்கப் போய், குருமடத்தில் இரண்டு வருஷம் லத்தீன் படித்துவிட்டுத் திரும்பியவர்.

"பாலியம்னா லத்தீன்ல மேல போத்துத அங்கி. நோய் உள்ளதான் கிடக்கும். மேல ஒரு போர்வை போத்துதோம், அவ்வளவுதான்."

கீழ் வரியில் இருந்த அபின் மருந்தைக் கட்டிக் கொடுத்தார்.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிப்புகையில் ஓடும் கரி பஸ்ஸில் நாசரேத் வந்து இறங்கினேன். வழியில் எதைப் பார்த்தேன் என்று நினைவில்லை.

"ஏளா, டாக்டர் என்ன எழுதியிருக்காரு?" என்றார் கணவர்.

"போர்வை" என்றேன்.

"இந்த வெக்கையிலயா?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"சரி, போத்தி விடு" என்றார்.

மருந்தை ஊற்றிக் கொடுத்தேன். இப்போது தூங்குகிறார்.

நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? எழுதுங்கள். நான்தான் ஊருக்கெல்லாம் அருஞ்சொற்பொருள் சொல்லிக்கொடுக்கும் டீச்சராம்.