நார் இல்லாத கம்பி

ஜேபெஸ் டன்னின் வண்டிச் சத்தம் கேட்டாலே திர்ஸா டிரோமன்ஸுக்கு எரிச்சல் வரும். இங்கிலாந்தின் கிராட்லி ஹீத்தில் கொல்லைப்புற உலைகளுக்கு இரும்புக் கம்பி கொடுத்து, சங்கிலியாகத் திருப்பி வாங்கிப் போகிற தரகன் அவன். திங்கட்கிழமை அவள் கொடுத்த சங்கிலியை வியாழக்கிழமை கொண்டுவந்து வாசலில் கொட்டினான்.

“பதிமூணு கண்ணி வாயப் பொளந்துடுச்சு. சங்கிலிய இழுத்துப் பலம் பாக்கற எடத்துல என் மானமே போச்சு. ஒனக்குக் கை தளந்துடுச்சு திர்ஸா, இனிமே கம்பி கெடையாது.”

பத்து வயதில் துருத்தி இழுக்க வந்தவள் அவள். ஐந்து பிள்ளைகளை உலையோரம் பெட்டியில் போட்டுக்கொண்டே, கம்பியை வளைத்து, முந்தின கண்ணியில் கோத்து, வெள்ளையாய்க் காய்ந்து பொறி பறக்கையில் அடித்து ஒட்டியவள். முப்பத்தோரு வருஷத்தில் ஓர் ஒட்டும் விட்டதில்லை. கம்பி நின்றால் உலை அணையும். வீட்டு அடுப்பும் அணையும்.

“என் கையா? கம்பி பொரிஞ்சு உதிருதுன்னு திங்கக்கெழமை சங்கிலியக் குடுக்கறப்பவே சொன்னேன். வேலையப் பாருன்ன. தேனிரும்புன்னா உள்ள இருக்கற கசடு உருகி அதுவே ஒட்டிக்கும்யா!”

“எல்லாம் ஒரே ஆலைக் கம்பிதான்.”

“அப்ப ஒடச்சுப் பாத்துருவோம்.”

புதுக் கம்பிக் கட்டு வந்தால் ஒரு நுனியை உடைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். போன வாரம் இவன் தலைமேல் நின்று அவசரப்படுத்தியதில் விட்டுப்போயிருந்தது. அதை நினைக்க இன்னும் ஆத்திரம் வந்தது.

பக்கத்து உலை கெசையா சுத்தியலோடு எட்டிப் பார்த்தாள். “கம்பிய நீங்களே புடிங்கண்ணே. வெரல் நசுங்கினா நாங்க ஒண்ணும் அழமாட்டோம்.”

அந்தக் கட்டில் மிஞ்சிய கம்பியை உளியால் லேசாக வெட்டி, பட்டடை ஓரத்தில் வைத்து ஓங்கி அடித்தாள் திர்ஸா. டக்கென்று முறிந்தது. முறிந்த முகம் கல்கண்டுபோல் மின்னியது. மூலையில் கிடந்த பழைய கம்பித் துண்டை அதேபோல் அடித்தாள். அது பச்சைக் குச்சியாய், நார்நாராகக் கிழிந்து தொங்கியது.

“இதுதான் தேனிரும்பு. நீ குடுத்தது எஃகு. இந்தச் சூட்டுல அது கருகிடும்.”

ஜேபெஸ் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். “ஆலையில கலந்துட்டான் போல. வண்டில வேற கட்டு இருக்கு. சனிக்கெழமைக்குள்ள ஆயிடும்ல?”

“எறக்காத. ஒண்ண உருவு. நீயே புடி.”

அடித்தாள். நார் கிழிந்தது.

“இப்ப எறக்கு.”

பதின்மூன்று கண்ணி மட்டுமா? அந்தச் சங்கிலி முழுவதுமே எஃகு; மொத்தத்தையும் புதிதாகச் செய்யவேண்டும். காலால் அதை ஒதுக்கிவிட்டு, முதல் கண்ணிக்குக் கம்பியை உலையில் செருகினாள்.

“சனிக்கெழமையாம்!” என்றாள், துருத்தியிடம்.