செத்தும் மேடையை விட்டு இறங்காத ரத்தினபாய் அக்கா

கொலைகாரி நான்தான். பாயசத்தில் விஷம் வைத்தது நான். செத்தது எதிர்வீட்டு ரத்தினபாய் அக்கா. ஆனால் அன்றைக்குக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனது யார் தெரியுமா? பிணம்! அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

அக்கா தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம் விட்டதே தவிர அதட்டல் விடவில்லை. பெருங்களத்தூரில் எங்கள் அபார்ட்மென்ட்டில் தண்ணீர் மோட்டார் எப்போது போடுவது, லிஃப்டில் யார் முதலில் ஏறுவது, என் வாசலில் கோலம் எவ்வளவு பெரிதாக இருப்பது எல்லாமே அவர் வைத்த சட்டம். "புஷ்பா, ரசத்துல பூண்டு கூடிப்போச்சு, இங்க வரைக்கும் அடிக்குது" என்று கதவைத் திறக்காமலே குரல் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் என் மகளுக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரியிலேயே பழியாகக் கிடந்து, நர்ஸுகளையும் அதட்டி, அவளைத் தேற்றிக் கூட்டிவந்ததும் இதே அக்காதான். அப்புறம் எப்படிச் சண்டை போடுவது?

அவர் கணவர் ஐசக் சார் ரயில்வேயில் வேலை பார்த்தவர். எதைக் கேட்டாலும் "ரத்தினத்தக் கேளுங்க" என்பார். தாம்பரத்தில் சர்ச் பாடகர் குழுவில் நிற்கும்போது மட்டும் அந்த வாயிலிருந்து அப்படியொரு கணீர்க் குரல் வரும்.

போன மார்கழியில் அக்கா திடீரென்று அறிவித்தார். வீட்டை விற்றுவிட்டு பெங்களூரில் மகனோடு போய் இருக்கப் போகிறார்களாம். பொங்கல் முடிந்ததும் வாங்குகிறவர் வந்து பேசி முடிப்பாராம்.

"சாருக்குச் சம்மதமாக்கா?" என்றேன்.

"அவருக்கென்ன? நான் எங்கயோ அவரும் அங்க."

சார் வாசலில் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தொட்டி நிரம்பி வழிந்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தார். அவருக்குப் போக இஷ்டமில்லை. அதைச் சொல்ல வாயும் இல்லை.

அந்த வருஷப் பொங்கல் விழாவுக்கு ஒரு நாடகம். எழுதியவர் எங்கள் சங்கச் செயலாளர் லோகநாதன், திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர். வெள்ளைக்காரன் காலத்து ஜமீன் குடும்பம். எல்லோரையும் ஆட்டிவைக்கிற ஜமீன்தார் மனைவி அலமேலு மங்கை செத்துப்போகிறாள். கொன்றது யார் என்பதுதான் கதை. அலமேலு மங்கை யார் என்று கேட்கவே வேண்டாம். ஜமீன்தார் ஐசக் சார். சமையற்காரி நான்.

"இன்னாக்கா பண்றது? அவங்கள மொத சீன்லயே போட்டுத் தள்ளினாத்தான் மத்தவங்க டயலாக் பேச முடியும்" என்று லோகநாதன் என் காதில் கிசுகிசுத்தார்.

அக்கா விடுவாரா? "செத்தாலும் நான் ஸ்டேஜ விட்டு எறங்க மாட்டேன். சாவு வீட்ல பொணத்த நடுவுல வைக்காம வேற எங்க வைப்பாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். கடைசிவரை நடு மேடையில் பெஞ்சில் கிடப்பது என்று முடிவாயிற்று.

விழா அன்று ஜிஎஸ்டி ரோட்டில் ஊருக்குப் போகிற பஸ்களின் ஹாரன் காதைப் பிளந்தது. அதையும் மீறி வசனம் பேசி, பாயசத்தைக் குடித்து, அக்கா பிரமாதமாகச் செத்தார். கோணலாக நின்ற மைக்கை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் செத்தார்.

இனி ஜமீன்தார் அழ வேண்டும். சார் வந்தார். "ஐயோ என் குலவிளக்கே! உன்னைக் கொன்ற பாவி யார்?" என்றார். அதோடு உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை. பிணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். லோகநாதன் திரைக்குப் பின்னாலிருந்து கையைக் கையை ஆட்டினார்.

"ரத்தினம்" என்றார் சார், பாடகர் குழுவின் அதே கணீர்க் குரலில். "எனக்கு பெங்களூர் வேணாம். நம்ம சர்ச்சுலயே பாடணும். சாயங்காலம் உன்கூட பால்கனில ஒக்காந்து ட்ரெயின் போறதப் பாக்கணும். வீட்ட விக்காத."

பிணத்தின் கால் கட்டைவிரல் ஆடியது. அப்புறம் பிணம் எழுந்து உட்கார்ந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீலென்று அலறியது.

"இத இத்தன நாளா ஏங்க சொல்லல?"

"நீ இப்பத்தான வாய மூடியிருக்க" என்றார் சார்.

சிரிப்பில் பந்தலே அதிர்ந்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கண் கலங்கி மை வழிந்தது. கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி படுத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி, மிச்சத்தையும் சொல்லுங்க. நான் செத்துத்தான் கெடக்கேன்."

சார் சொன்னார். என்னென்னவோ மனசில் கிடந்திருக்கிறது அந்த மனுஷனுக்கு! நான் அழுது தொலைத்தேன். கொலையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. இன்ஸ்பெக்டர் வேஷம் போட்ட அன்பு ஒட்டுமீசையோடு அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். நான் உயிரைக் கொடுத்து மனப்பாடம் செய்த வாக்குமூலம் அம்போ!

வீட்டை விற்கவில்லை. மோட்டாரும் கோலமும் என் பூண்டும் பழையபடி அக்கா சொல்படிதான்.

போன வாரம் கறிவேப்பிலை கேட்கப் போனேன். கதவு திறந்திருந்தது. சோபாவில் அக்கா கையைக் கோத்து நெஞ்சில் வைத்து, கண்ணை மூடி, நீட்டிப் படுத்திருந்தார். பக்கத்தில் சார் நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பகீரென்றது.

"ஐயோ, அக்கா!" என்று கத்திவிட்டேன்.

ஒரு கண் மட்டும் திறந்தது.

"கத்தாத புஷ்பா. அவரு பேசிட்டிருக்காரு, நான் செத்திருக்கேன். அப்புறமா வா."