வெஞ்சனம் என்றால் கீரையாம்!

சின்னாளப்பட்டிக்கு அருகே எங்கள் வீட்டில், உணவுச் சுற்றுலா வருகிறவர்களுக்கு அம்மா மதியச் சாப்பாடு போடுகிறார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். ஆனாலும் விருந்தினரிடம் பேச நான் தேவையில்லையாம். சென்னையிலிருந்து அவர்களை அழைத்துவரும் வழிகாட்டியே போதுமாம். சுங்குடித் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டால் திண்டுக்கல் முழுவதும் தெரிந்துவிடும் என்பது அவர் நினைப்பு.

போன மாதம் வந்த டெல்லிப் பெண், தனக்கு நிலக்கடலை ஆகாது, தின்றால் மூச்சு அடைத்துவிடும் என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

"நான் பாத்துக்கறேன், நீங்க தண்ணி கொண்டாங்க" என்று வழிகாட்டி என்னை விரட்டினார்.

நான் செம்போடு திரும்பும்போது, "வெஞ்சனம் வைக்கட்டா?" என்று அம்மா வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தாராளமா வைங்க. நேத்து இன்னொரு வீட்டுல வெஞ்சனம்தான் சாப்ட்டாங்க, ஒண்ணும் பண்ணல."

அம்மா வைத்தது நிலக்கடலை அரைத்து ஊற்றிய கத்தரிக்காய். அந்தப் பெண் வாய்க்குக் கொண்டுபோன கையைப் பிடித்து இழுத்தேன். சோறு சிதறியது.

"கெஸ்ட் மேலயே கை வைக்கிறீங்க? வெஞ்சனம்னா கீரைதானே?" என்று கத்தினார் வழிகாட்டி.

"சோத்துக்குத் தொட்டுக்கிற எல்லாமே வெஞ்சனந்தான்யா! கருவாடு வச்சாலும் வெஞ்சனம், ஊறுகா வச்சாலும் வெஞ்சனம். இதுகூடத் தெரியாம ஊரைச் சுத்திக்காட்ட வந்துட்டீக!" என்றார் அம்மா.

விஷயம் புரிந்ததும் அந்தப் பெண் என் கையை வெகுநேரம் விடவே இல்லை.

இப்போதெல்லாம் யாருக்கு எது ஆகாது என்று நானே கேட்டுவிட்டுத்தான் இலை போடுகிறேன். அந்த வழிகாட்டி இன்னும் வருகிறார். அவருக்குத்தான் முதலில் பரிமாறுகிறேன். வாயில் சோறு இருக்கும்வரை அவரால் விளக்கம் சொல்ல முடியாது.